நெல்சன் கப்பல் தபால்தலைக்கு யாரும் லட்சம் தரமாட்டார்கள்

என் தபால்தலைக் கடைக்கு இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். குடியாத்தம் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் ஒரு தபால்தலை, போனில் அதற்குப் பல லட்சம் தருவதாக யாரோ அனுப்பிய வாட்ஸ்அப். ‘பதிவுக் கட்டணம்’, ‘ஜிஎஸ்டி’ என்று பணமும் கட்டியாகிவிட்டது. மறுபடியும் கேட்டதும்தான் சந்தேகம் வந்து வேலூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். அம்மா, கட்டுவதற்கு முன்னாடி வந்திருக்கக் கூடாதா?

அவர் கொண்டுவந்தது 24 பென்ஸ் பிரிட்டிஷ் தபால்தலை. படத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சன், அவருக்குப் பின்னால் அவருடைய ‘விக்டரி’ போர்க்கப்பல், மேலே ராணியின் தலை. 1982-ல் பிரிட்டிஷ் கடற்படை வரலாற்றைச் சொல்ல ஐந்தாக வெளியிட்ட வரிசையில் ஒன்று. முத்திரை விழுந்த பிரதி என்றால் ஒரு டீக்காசு தேறுவதே சந்தேகம்.

“சார், இதுல நாட்டோட பேரே இல்லையே, அச்சுப்பிழைதானே?” இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பிழை இல்லைங்க. 1840-ல் பிரிட்டன் ‘பென்னி பிளாக்’ என்ற முதல் தபால்தலையை வெளியிட்டபோது உலகத்தில் வேறு எந்த நாட்டிடமும் ஒட்டும் தபால்தலை கிடையாது. யாரிடமிருந்து வேறுபடுத்திக் காட்டப் பெயர் போடுவது? அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அரசர் அல்லது ராணியின் தலைதான் அங்கே நாட்டின் பெயர். இதைப் பிழை என்றால் இங்கிலாந்தில் அடித்த அத்தனை தபால்தலையும் பிழைதான்.

அடுத்தது வருஷக் கணக்கு. விக்டரியை 1759-ல் சாத்தம் துறையில் கட்டத் தொடங்கினார்கள், 1765-ல் தண்ணீரில் இறக்கினார்கள். 1805 அக்டோபர் 21 அன்று டிரஃபால்கர் சண்டையில் நெல்சன் அதில்தான் சுடப்பட்டு இறந்தார். இப்போதும் போர்ட்ஸ்மத் உலர்துறையில் நிற்கிறது. கூகுளில் இதைப் படித்துவிட்டு, “இருநூறு வருஷத்துக்கு முந்தின ஸ்டாம்ப்” என்கிறார்கள். 1805-ல் தபால்தலையே பிறக்கவில்லை! நம் வேலூர்க் கோட்டையில் 1806-ல் நடந்த சிப்பாய்ப் புரட்சிக்கு 2006 ஜூலையில் ஐந்து ரூபாய் தபால்தலை வந்தது. அதை யாராவது இருநூறு வருஷப் பழசு என்று விற்கிறோமா? அமெரிக்கப் போர்க்கப்பல் ‘கான்ஸ்டிடியூஷன்’ கதையும் இதுதான். கப்பல் 1797-ல் இறங்கியது, மூன்று சென்ட் தபால்தலை 1947-ல் வந்தது. அடித்தது 13 கோடிக்கு மேல். இத்தனை கிடைக்கிற சரக்குக்கு யார் லட்சம் தருவார்கள்?

இந்தப் புரளிக்கெல்லாம் மூலம் தென் அமெரிக்காவில் பிரிட்டிஷ் காலனியாக இருந்த கயானாவின் 1856-ம் வருஷத்து ஒரு சென்ட் தபால்தலை. லண்டனிலிருந்து சரக்கு வரத் தாமதமானதால் உள்ளூர்ப் பத்திரிகை அச்சகத்தில் அவசரத்துக்கு அடித்தது. மூன்று பாய்மரம் கொண்ட ஒரு கப்பலின் படம், கருஞ்சிவப்புத் தாள், மூலைகள் வெட்டுப்பட்டது. 2021 ஏலத்தில் 83 லட்சம் டாலருக்குப் போனது. ஆனால் உலகத்தில் அது ஒன்றே ஒன்றுதான் தெரிந்திருக்கிறது. உங்கள் பீரோவில் இன்னொன்று இருக்காது.

வேலூர் வீடுகளில் வெளிநாட்டுத் தபால்தலை நிறைய இருப்பதில் ஆச்சரியமில்லை. சிஎம்சி மருத்துவமனைக்கு வந்துபோன வெளிநாட்டு டாக்டர்களும் நர்சுகளும் கடிதம் போட்டுக்கொண்டே இருந்தார்கள். அதோடு சந்தையில் வாங்கிய அஜ்மான், ஃபுஜைரா என்ற வளைகுடாக் குட்டி நாடுகளின் பெயரில் வந்த கப்பல் படத் தபால்தலை செட்டுகளும் கலந்திருக்கும். பளபளவென்று இருக்கும், மூலையில் அளவாக முத்திரை, பின்னால் பசை அப்படியே இருக்கும். கடிதத்தில் போகாமலே முத்திரை குத்தி, சேகரிப்பவர்களுக்காக மூட்டை மூட்டையாக அடித்தவை. குழந்தைக்குக் கொடுங்கள், சந்தோஷப்படும்.

உண்மையிலேயே கடற்படைப் பாய்மரக் கப்பல் பிடிக்குமென்றால் நம்முடைய ஐஎன்எஸ் தரங்கிணி இருக்கிறது. கோவாவில் கட்டி 1997-ல் கடற்படையில் சேர்ந்தது, 2003-04-ல் உலகத்தைச் சுற்றி வந்தது, 2004-ல் தபால்தலையும் வந்தது. அதைக் கேட்டு ஒருத்தரும் கடைக்கு வருவதில்லை என்பது என் தனி வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும், விற்கிற உங்களிடம் கேட்கக் கூடாது. கட்டணம், வரி, கூரியர் செலவு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் போனை வையுங்கள். பழைய நாணயம், நோட்டு விவகாரத்தில் ரிசர்வ் வங்கி 2021-லேயே எச்சரித்த அதே தந்திரம்தான் இது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் அடியுங்கள். தாமதமாக ஆக மீட்பது கஷ்டம்.

அப்புறம், தயவுசெய்து தபால்தலையை லேமினேட் செய்யாதீர்கள். ஃபெவிகால், செல்லோடேப் எதுவும் வேண்டாம். கத்தரியால் ஓரத்துப் பற்களை நேராக்க வேண்டாம். நேராக்கினால் இருந்த மதிப்பும் போச்சு. ஐப்பசி மழையில் ஆல்பத்தைப் படுக்கவைத்து மேலே சுமை ஏற்றினால் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும், நிமிர்த்தி வையுங்கள். முக்கியமாக, பழைய உறையிலிருந்து தபால்தலையைக் கிழித்து எடுக்காதீர்கள். ஊர்ப்பெயரும் தேதியும் தெளிவாக விழுந்த உறை, தபால்தலையைவிட அதிகம் போகலாம். உறையோடு கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை.