சாகக் கிடக்கிற ஹாட் டிஸ்க்கைத் திருத்தப் போகாதீர்கள்

கலியாணவீடு, சாமத்தியவீடு எது நடந்தாலும் வீடியோக்காரர் கடைசியில் ஒரு போட்டபிள் ஹாட் டிஸ்க்கைக் கையில் தந்துவிட்டுப் போவார். அது அலுமாரியில் சீலைகளுக்கு நடுவே கிடக்கும், கனடாவிலிருந்து யாராவது வந்து "அந்த வீடியோவை ஒருக்கால் போடுங்கோ" என்று கேட்டால்தான் வெளியே வரும். வயரைச் செருகினால் லைட் மினுங்குகிறது, டிஸ்க்கின் பெயரும் திரையில் வருகிறது, ஆனால் போல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் டிஸ்க்கில் பிழை இருக்கிறது, திருத்தவா என்று விண்டோஸ் கேட்கும். பெரும்பாலானோர் யோசிக்காமல் ஆம் என்று அமத்துகிறார்கள். அங்கேதான் வினை.

உள்ளே நடப்பதைத் தெரிந்துகொண்டால் அது ஏன் வினை என்பது விளங்கும். டிஸ்க்கின் உள்ளே இருப்பவை அலுமினியத்திலோ கண்ணாடியிலோ செய்த தட்டுகள், அவற்றின்மேல் மெல்லிய காந்தப் படலம். போட்டபிள் டிஸ்க்கில் உள்ள 2.5 அங்குலத் தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றுகிறது. கணக்குப் பார்த்தால் அதன் விளிம்பு மணிக்கு 65 கிலோமீற்றருக்குக் கிட்டிய வேகத்தில் ஓடுகிறது. வாசிக்கிற ஹெட் தட்டைத் தொடுவதே இல்லை, சுழற்சியால் எழும் காற்றின் மேல் சில நனோமீற்றர் உயரத்தில் மிதக்கிறது. ஒரு தலைமுடியின் தடிப்பே 70,000 நனோமீற்றர் அளவில் வரும் என்றால் இந்த இடைவெளி எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தாலோ உள்ளே ஒரு தூசு போனாலோ ஹெட் தட்டில் உரசும், உரசின இடத்தில் படலம் உரியும், உரிந்த துகள் போய் வேறு இடத்தைக் கீறும். தொடங்கிவிட்டால் தானாக நிற்காது, ஓட ஓடக் கூடும். பழுதாகத் தொடங்கிய டிஸ்க்கில் இன்னும் எத்தனை வாசிப்பு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. மிச்சமிருப்பதை எதில் செலவழிக்கிறோம் என்பதுதான் விசயம்.

விண்டோஸின் 'திருத்தல்' அதைத் தப்பான இடத்தில் செலவழிக்கிறது. அது உங்கள் வீடியோவைத் திருத்துவதில்லை, எந்த பைல் எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்த கணக்கைத்தான் திருத்துகிறது, அந்தக் கணக்கில் தனக்கு வாசிக்க முடியாத பகுதியை வெட்டியும் விடும். முழுச் சோதனை என்றால் டிஸ்க்கின் ஒவ்வொரு மூலையையும் தடவும். அதோடு சாகக் கிடக்கிற டிஸ்க்கில் புதிதாக எழுதவும் செய்யும். ஆக, திருத்தாதீர்கள், முதலில் உள்ளே இருப்பதை வெளியே எடுங்கள்.

சரி, டிஸ்க்கா பிழை, வயரா பிழை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் வேறு வயர், வேறு யூ.எஸ்.பி துவாரம். இது சும்மா சொல்வதில்லை. யூ.எஸ்.பி 2 துவாரம் தருவது 500 மில்லிஅம்பியர், யூ.எஸ்.பி 3 தருவது 900. தட்டு சுழலத் தொடங்கும்போது நிறைய மின்சாரம் தேவை, துவாரத்தாலோ தேய்ந்த வயராலோ அதைக் கொடுக்க முடியாவிட்டால் நல்ல டிஸ்க்கும் டிக், டிக் என்று திணறும். வயரை மாற்றியும் டிக் சத்தம் நிற்கவில்லை என்றால் உடனே கழற்றுங்கள். ஹெட் தன் இடத்தை அடையாளம் காண முடியாமல் போய்ப் போய்த் திரும்புகிற சத்தம் அது, ஒவ்வொரு தடவையும் தட்டு கீறுப்படக்கூடும். பீப் என்று மெல்லிய சத்தம் வந்தால் தட்டு சுழலவே இல்லை, ஹெட் தட்டில் ஒட்டியிருக்கும் அல்லது மோட்டார் இறுகியிருக்கும். இந்த இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடிய வைத்தியம் இல்லை. பிரிட்ஜில் வைத்து எடு என்று ஒரு பழைய கதை உலாவுகிறது, நம்பாதீர்கள். பெரும்பாலான டிஸ்க்குகளில் காற்றுப் போக ஒரு சின்னத் துவாரம் உண்டு, நம்முடைய உப்புக்காற்றும் ஈரமும் உள்ள ஊரில் குளிர்ந்த டிஸ்க்கை வெளியே எடுத்தால் தட்டின்மேல் நீர் படியாமல் என்ன செய்யும்?

சத்தம் இல்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் டிஸ்க் தன்னைப்பற்றி எழுதி வைத்திருக்கும் ஸ்மாட் குறிப்பைப் பார்க்கலாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்போ என்ற இலவச மென்பொருள் போதும். வரிசையாக நிறைய எண்கள் வரும், பயப்படத் தேவையில்லை, 5, 197, 198, 199 ஆகிய நான்கு வரிகளைப் பார்த்தால் போதும். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறடிமானத்தில் (பத்துக்குப் பதில் பதினாறை அடியாக வைத்து எண்ணும் முறை) காட்டும், அதாவது வரி எண் 197 இருக்கும் இடத்தில் சி5 என்று நிற்கும், மதிப்பு 10 என்று இருந்தால் உண்மையில் 16.

197ஆம் வரிதான் சுவாரசியமானது. டிஸ்க்கில் எல்லாம் செக்டர் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதப்படுகிறது, ஒரு துண்டு 512 பைட் அல்லது 4096 பைட். ஒரு செக்டரை வாசிக்க முடியவில்லை என்றால் டிஸ்க் திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும், பல வினாடி போய்விடும், திரை உறைந்து நிற்பது இதனால்தான். அப்படியும் முடியாவிட்டால் அதை 'சந்தேகம்' என்று குறித்து 197ஆம் வரியில் எண்ணி வைக்கும். ஏன் உடனே தூக்கி எறிவதில்லை? உள்ளே என்ன இருந்தது என்று தெரியாமல் வேறு இடத்துக்கு மாற்ற முடியாது. அதே செக்டரில் யாராவது புதிதாக எழுதினால் அப்போதுதான் சோதித்துப் பார்க்கும். நன்றாக இருந்தால் குறிப்பை அழிக்கும், இல்லையென்றால் கைவசம் உள்ள உபரிச் செக்டர் ஒன்றை அதற்குப் பதிலாக வைக்கும், 5ஆம் வரியின் எண் ஒன்று கூடும். 198 என்பது டிஸ்க் தன்னைத் தானே சோதித்தபோதும் வாசிக்க முடியாமல் போனவை. 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் டிஸ்க்கில் குற்றமில்லை, இடையில் உள்ள வயரில் அல்லது இணைப்பில்தான்.

ஆனால் ஸ்மாட் சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. கூகிள் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், பழுதானவற்றில் 56 சதவீதத்துக்கும் அதிகமானவை மிக முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமலே போயின. அதே ஆய்வில், சோதனையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க், பிழை தெரியாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாளுக்குள் போய்விட 39 மடங்கு வாய்ப்பு. எண் ஏறினால் நம்புங்கள், ஏறாவிட்டால் நம்பாதீர்கள்.

இனி எடுக்கிற வேலை. எக்ஸ்ப்ளோரரில் எல்லாவற்றையும் தெரிவு செய்து கொப்பி பண்ணுவது சரிவராது, முதல் கெட்ட செக்டரிலேயே முட்டிக்கொண்டு நிற்கும். இதற்கென்றே டிடிரெஸ்கியூ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, பென் ட்ரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கி ஓட்டலாம். மாமரத்தில் கைக்கெட்டின காயை முதலில் பறித்துவிட்டு உச்சிக்கொப்புக்குப் பிறகு ஏறுவதுபோல, அது முட்டுகிற இடத்தைத் தாண்டிப் போய் நல்ல பகுதி முழுவதையும் முதலில் அள்ளிவிடும், அப்புறம் கெட்ட பகுதிகளின் ஓரங்களிலிருந்து உள்ளே வரும், கடைசியில்தான் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். பைல் பைலாக அல்ல, டிஸ்க் முழுவதையும் அப்படியே வேறொரு டிஸ்க்குக்கோ ஒரு பெரிய பைலுக்கோ நகல் எடுக்கும். பைலாக எடுத்தால் அது போகும் டிஸ்க் ஃபாட்32 என்ற பழைய முறையில் போமட் பண்ணியதாக இருக்கக்கூடாது, 4 ஜிபிக்கு மேல் ஒரு பைலை அது ஏற்காது.

எது எங்கே வாசிக்கப்பட்டது என்பதை அது ஒரு வரைபட பைலில் குறித்துக்கொண்டே போகும். நம் ஊரில் இதுதான் உயிர். 1 டெராபைட் டிஸ்க்கை, ஒரு பிழையும் இல்லாமல், வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் வாசித்தாலே மூன்று மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும், நோயாளி டிஸ்க் என்றால் நாள்கணக்கு. நடுவில் கரண்ட் போனால்? வரைபடம் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆனால் பென் ட்ரைவ் லினக்ஸில் வேலை செய்யும்போது டெஸ்க்டொப்பில் வைத்த பைல் கரண்டோடு சேர்ந்து போய்விடும், ஏனென்றால் அது இருப்பது கணினியின் தற்காலிக நினைவகமான ராமில். வரைபடத்தை நகல் போகும் டிஸ்க்கிலேயே வையுங்கள். தொடங்குமுன் எது பழசு எது புதுசு என்று டிஸ்க்கின் சீரியல் இலக்கத்தைப் பார்த்து உறுதிப்படுத்துங்கள், திசை மாறினால் வெறும் டிஸ்க் உங்கள் வீடியோவின் மேல் எழுதப்படும்.

நகல் கிடைத்ததும் பழையதைக் கழற்றி வைத்துவிட்டு மீதி வேலை எல்லாம் நகலில். பைல் கணக்கு உடைந்திருந்தால் அதைச் சரிசெய்ய டெஸ்ட்டிஸ்க் என்ற மென்பொருள், அதுவும் சரிவராவிட்டால் போட்டோரெக் என்ற மென்பொருள். போட்டோரெக் கணக்கையே பார்க்காது, ஜேபெக் படம் எப்போதும் ஒரே விதமான சில பைட்டுகளில்தான் தொடங்கும் என்பதுபோன்ற அடையாளங்களை வைத்துத் தேடும். பெயர், போல்டர் எல்லாம் போய்விடும், படங்கள் பெரும்பாலும் வரும், துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட பெரிய வீடியோக்கள்தான் கஷ்டம்.

கரண்டால் சாகிற டிஸ்க் வேறு வகை. கரண்ட் போவது அவ்வளவு ஆபத்தில்லை, சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து டிஸ்க் ஹெட்டைப் பத்திரமாக ஒதுக்கிவிடும். ஆபத்து அளவுக்கு மீறிய மின்சாரம் வரும்போதுதான், அல்லது தனி மின்சாரம் தேவைப்படும் பெரிய டிஸ்க்கின் 12 வோல்ட் பெட்டிக்கு யாராவது 19 வோல்ட் லப்டொப் சார்ஜரைச் செருகும்போது. டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகையில் (போட்) உள்ள ஒரு பாதுகாப்பு டயோட் தான் செத்து மற்றவற்றைக் காப்பாற்றும், டிஸ்க் சத்தமே இல்லாமல் கிடக்கும். நல்ல மெக்கானிக் இதைச் சரிசெய்யலாம், டேட்டாவும் அப்படியே இருக்கும். அதேபோன்ற இன்னொரு டிஸ்க்கின் போட்டைக் கழற்றி மாட்டினால் வேலை செய்யும் என்று சொல்பவரிடம் மட்டும் கவனம்: இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்தத் தட்டுக்கும் ஹெட்டுக்கும் பொருந்தும் அளவுகள் போட்டில் உள்ள சிப்பில் இருக்கும், அதையும் மாற்றாமல் போட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை.

கடைக்குக் கொண்டுபோனால் "போமட் பண்ணினால் டிஸ்க் நல்லாயிடும்" என்று சொல்வார்கள். பொய் இல்லை. முழுவதும் புதிதாக எழுதினால் 197ஆம் வரி பூச்சியத்துக்கு வந்துவிடும், உங்கள் வீடியோவும் போய்விடும். அப்படி 'நல்லான' டிஸ்க்குகள் பாவித்த பொருளாக விற்பனைக்கும் வரும், வாங்குமுன் கடையிலேயே ஸ்மாட்டைத் திறந்து காட்டச் சொல்லி 197ஐ விட்டுவிட்டு 5ஆம் வரியையும் 9ஆம் வரியில் உள்ள ஓடிய மணித்தியாலத்தையும் பாருங்கள்.