பசிக்கும்போது செல்லுக்குள்ள என்ன நடக்குது

1988ல டோக்கியோ யுனிவர்சிட்டில யோஷினோரி ஒசுமி சொந்தமா ஒரு சின்ன லேப் ஆரம்பிச்சப்போ அவருக்கு 43 வயசு. ஆராய்ச்சிக்கு எடுத்துக்கிட்டது ஈஸ்ட், பன்னுக்கு மாவு உப்பி வரணும்னு போடுறோமே அதே சாமான்தான். ஈஸ்ட் செல்லுக்குள்ள வாக்குவோல்னு ஒரு பை இருக்கும், செல்லோட கழிவெல்லாம் அங்க போய்தான் கரையும். ஒசுமி என்ன பண்ணாருன்னா, கரைக்கிற என்சைம் இல்லாத ஈஸ்ட் வகையா பார்த்து எடுத்து அதை பட்டினி போட்டாரு. உள்ள போறது கரையாது, ஆனா போறதும் நிக்காது, அப்போ பை நிரம்பித்தானே ஆகணும். அப்படியேதான் ஆச்சு. சாதாரண மைக்ரோஸ்கோப்லயே தெரியுற அளவுக்கு அந்த பைக்குள்ள குட்டி குட்டி உருண்டையா சேர்ந்து ஓயாம துள்ளிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு உருண்டையும் அந்த செல் தன் உடம்புலேருந்தே பிச்சு, மூட்டை கட்டி உள்ள அனுப்புன துண்டு.

வெளிய இருந்து சாப்பாடு வரலைன்னதும் செல் தனக்குள்ள கிடக்குற பழசு, உடைசல், மடிப்பு கெட்டுப்போன புரோட்டீன் எல்லாத்தையும் வாரிப்போட்டு கரைச்சு, அதுலேருந்தே புதுசு செஞ்சுக்குது. இதுக்கு ஆட்டோஃபேஜின்னு பேரு, தன்னையே தின்கிறதுன்னு அர்த்தம், கிறிஸ்டியன் டி டூவ் 1963லயே வச்ச பேருதான். ஆனா அது எப்படி நடக்குது, எந்தெந்த ஜீன் அதை நடத்துதுன்னு பிடிச்சது ஒசுமி, அதுக்குத்தான் 2016ல நோபல் பரிசு.

சரி, சாப்பாடு வரலைன்னு செல்லுக்கு எப்படி தெரியும்? எம்டார்னு ஒரு புரோட்டீன் இருக்கு. அமினோ ஆசிடும் இன்சுலினும் நிறைய இருக்குற வரைக்கும் எம்டார் "வளரு, புதுசா கட்டு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்கும், கூடவே ஆட்டோஃபேஜியை அமுக்கி வச்சிருக்கும். ரெண்டும் குறைஞ்சா அந்த பிடி விடும். இன்னொரு பக்கம் ஏஎம்பிகேன்னு ஒண்ணு, செல்லுல எனர்ஜி இறங்குறதை முதல்ல மோப்பம் பிடிக்கிறது அதுதான், அது எம்டாரை அடக்கி ரிப்பேர் வேலையை முடுக்கி விடும். அதாவது கட்டுமான வேலையும் பராமரிப்பு வேலையும் மாறி மாறித்தான் நடக்கும், நாள் முழுக்க எதையாவது கொறிச்சுக்கிட்டே இருந்தா பராமரிப்புக்கு நேரமே கிடைக்காது.

இதுக்கு நல்ல சாட்சி ரபாமைசின்னு ஒரு மருந்து. 1964ல ஈஸ்டர் தீவுக்கு கிளம்புன ஒரு ஆராய்ச்சி குழு எடுத்துட்டு வந்த மண்ணுல இருந்த ஒரு பாக்டீரியாலேருந்து, சுரேந்திர நாத் சேகல் குழு பிரிச்செடுத்தது. அது எம்டாரைத்தான் தடுக்கும், எம்டார்ங்கிற பேரே அந்த மருந்தால வந்ததுதான். 2009ல 600 நாள் வயசான சுண்டெலிகளுக்கு, நம்ம கணக்குல 60ஐ தொட்ட கிழடுகளுக்கு, அதை சாப்பாட்டுல கலந்து குடுத்தாங்க, அதுகளோட ஆயுசு கூடுச்சு. சாப்பாட்டை குறைக்கவே இல்ல, "சாப்பாடு கம்மியா இருக்கு"ங்கிற சிக்னலை மட்டும் குடுத்தாங்க. இதை முதல்ல படிச்சப்போ எனக்கு சிலிர்த்துடுச்சு.

உடம்பு அளவுல பார்த்தா, சாப்பிட்டதும் இன்சுலின் ஏறி மிச்ச சர்க்கரையை லிவர் கிளைகோஜனா சேர்த்து வைக்கும், ஏறக்குறைய 100 கிராம். ராத்திரி நாம தூங்குறப்போ மூளைக்கு சர்க்கரை போறது அந்த இருப்புலேருந்துதான். 12 மணி நேரம் தாண்ட தாண்ட இருப்பு கரையும், இன்சுலின் இறங்கும், கொழுப்பு எரியும், லிவர் அதை கீட்டோனா மாத்தி மூளைக்கு அனுப்பும். இதுல "சரியா 16வது மணி நேரத்துல ஆட்டோஃபேஜி ஆரம்பம்"னு சுத்துற சார்ட்டை எல்லாம் நம்பாதீங்க, மனுஷ உடம்புல மணிக்கணக்கு பார்த்து யாரும் அப்படி அளந்து போட்டது கிடையாது.

எல்லாமே இன்சுலின் தானா இறங்குறதை நம்பித்தான் நடக்குது, அதை மறந்துடக்கூடாது. எங்க அப்பா சுகருக்கு கிளிமிபிரைடு மாத்திரை போடுறவரு, ஒரு வீடியோ பார்த்துட்டு காலையில மாத்திரையை போட்டுட்டு மதியம் வரைக்கும் ஒண்ணும் சாப்பிடாம இருந்திருக்காரு. பதினோரு மணிக்கு சட்டையெல்லாம் வேர்வையில நனைஞ்சு, நாக்கு குழறி, சுவரை பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு, குளுக்கோமீட்டர்ல பார்த்தா 54. அந்த மாத்திரை சாப்பிட்டீங்களா இல்லையான்னு பார்க்காது, கணையத்தை பிழிஞ்சு இன்சுலினை வெளிய தள்ளிடும். சுகர் மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுக்குறவங்க டாக்டர்கிட்ட கேக்காம விரதம் இருக்கவே கூடாது, தயவு செஞ்சு.

ஆயுசு விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவுல கார்னெல் யுனிவர்சிட்டி கிளைவ் மெக்கே 1935லயே எலிகளுக்கு வைட்டமின், தாது எதுவும் குறையாம கலோரியை மட்டும் குறைச்சு, அதுல ஆண் எலிகள் நிறைய நாள் கூடுதலா வாழ்ந்ததை காட்டிட்டாரு. எலி சரி, குரங்கு? அங்கதான் கதை சூடு பிடிக்குது.

1980கள் கடைசியில ரெண்டு இடத்துல ரீசஸ் குரங்குகளை வச்சு ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க, ஒண்ணு விஸ்கான்சின்ல, இன்னொண்ணு அமெரிக்க அரசோட முதுமை ஆராய்ச்சி நிறுவனத்துல. ரெண்டு இடத்துலயும் ஒரு கூட்டத்துக்கு 30 சதவீதம் கம்மியா சாப்பாடு. 2009ல விஸ்கான்சின்காரங்க, சாதாரணமா சாப்பிட்ட குரங்குகள்ல பாதிதான் உயிரோட இருக்கு, கம்மியா சாப்பிட்டதுல 80 சதவீதம் இருக்குன்னு சொன்னாங்க. 2012ல அந்த இன்னொரு குழு, எங்க குரங்குகள்ல ஆயுசுல வித்தியாசமே இல்லைன்னாங்க. இருபது வருஷத்துக்கு மேல உழைச்சு ரெண்டு பேருக்கும் நேர் எதிர் பதில்.

கடைசியில ரெண்டு குழுவும் ஒண்ணா உக்காந்து கணக்கை பிரிச்சு 2017ல எழுதுனாங்க. தட்டுல என்ன இருந்துச்சுன்னு பார்த்தப்போ விஷயம் வெளிய வந்துச்சு. விஸ்கான்சின் குரங்கு சாப்பாட்டுல 28 சதவீதத்துக்கும் மேல வெறும் சர்க்கரை, அதுவும் சாதாரண கூட்டத்துக்கு வேணுங்கிற அளவு சாப்பிடலாம். இன்னொரு இடத்துல கோதுமை, சோளம், சோயா, மீன்னு இயற்கையான சாப்பாடு, சர்க்கரை 4 சதவீதம்கூட இல்ல, சாதாரண கூட்டத்துக்குமே குண்டாகாத அளவுக்கு அளந்துதான் போட்டாங்க. அப்போ அந்த "சாதாரண" குரங்குகளே ஏற்கனவே பாதி டயட்லதான் இருந்திருக்கு, அதுக்கு மேல குறைச்சா ஆயுசு கூடுறதுக்கு பெருசா இடமில்ல. என்னைக் கேட்டா இந்த மொத்த துறையிலயும் நமக்கு ரொம்ப தேவையான தகவல் இதுதான், எவ்வளவு குறைக்கிறோம்ங்கிறதைவிட எதுலேருந்து குறைக்கிறோம்ங்கிறது பெருசு.

நேரமும் முக்கியம். 2022ல ஜோசப் தகஹாஷி குழு ஆண் சுண்டெலிகளுக்கு ஒரே மாதிரி 30 சதவீதம் குறைச்சாங்க, எப்போ போடுறாங்கன்னு மட்டும் மாத்துனாங்க. பகல் ராத்திரி முழுக்க பிரிச்சு பிரிச்சு போட்டதுக்கு ஆயுசு 10 சதவீதம் கூடுச்சு, ராத்திரி மட்டும் போட்டதுக்கு 35 சதவீதம். சுண்டெலி ராத்திரி முழிச்சு நடமாடுற பிராணி, அதனால அதுக்கு ராத்திரிங்கிறது நமக்கு பகல் மாதிரி.

மனுஷங்கள்ல கேலரின்னு ஒரு ஆய்வு, 2 வருஷம், 200 பேருக்கு மேல, யாரும் ரொம்ப குண்டு கிடையாது. 25 சதவீதம் குறைக்கச் சொன்னாங்க, எல்லா உதவியும் குடுத்தும் சராசரியா 12 சதவீதம்தான் முடிஞ்சுது. அந்த 12க்கே பிரஷர், கெட்ட கொலஸ்ட்ரால் எல்லாம் இறங்குச்சு, ரத்தத்தை வச்சு கணக்கு போட்டதுல முதுமை ஓடுற வேகம் 2, 3 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, ஆனா இடுப்பு எலும்போட அடர்த்தியும் கொஞ்சம் குறைஞ்சுது. சீனாவுல குவாங்சோல 139 பேரை வச்சு ஒரு வருஷம் பார்த்தாங்க, எல்லாருக்கும் ஒரே கலோரி அளவு, பாதி பேரு மட்டும் காலை 8லேருந்து சாயங்காலம் 4க்குள்ள சாப்பிடணும். எடை குறைஞ்சதுல ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் வரல.

2024ல வந்த ஒரு சுண்டெலி ஆய்வைத்தான் நான் திரும்ப திரும்ப படிக்கிறேன். 960 பெண் சுண்டெலிகள், மனுஷங்க மாதிரி ஒவ்வொண்ணுக்கும் வேற வேற ஜீன். வேணுங்கிற அளவு தின்னதுக்கு நடுத்தர ஆயுசு 25 மாசம், வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் பட்டினி கிடந்ததுக்கு 28, 40 சதவீதம் குறைச்சதுக்கு 34. இது எதிர்பார்த்ததுதான். ஆனா ஒரே அளவு குறைச்ச கூட்டத்துக்குள்ளயே பிரிச்சு பார்த்தா, சரசரன்னு எடை இறங்குனதுங்க சீக்கிரம் செத்திருக்கு, சாப்பாடு கம்மியானாலும் உடம்பு எடையை விடாம பிடிச்சு வச்சுக்கிட்டதுங்கதான் ரொம்ப நாள் வாழ்ந்திருக்கு.