“நானாகத்தான் போனேன், மிஸ்”

கொழும்பு மட்டக்குளியைச் சேர்ந்த அந்தப் பெண்ணைத் தீராத தலைவலி என்று சொல்லித்தான் என்னிடம் உள ஆற்றுப்படுத்தலுக்கு அனுப்பியிருந்தார்கள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வளைகுடா நாடொன்றில் சம்பளமே இல்லாமல், வெளிக்கதவு பூட்டிய வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் வேலை செய்ததை மூன்றாம் சந்திப்பில்தான் சொன்னார். நான் அவசரப்பட்டு ‘ஆட்கடத்தல்’ என்ற சொல்லை எடுத்துவிட்டேன். முகம் இறுகிவிட்டது. “என்னை யாரும் கடத்தவில்லை. நானாகத்தான் போனேன், மிஸ்.”

அவர்மேல் பிழையில்லை. கடத்தல் என்றால் நமக்கெல்லாம் ஆளைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போகும் வெள்ளை வான்தான் நினைவுக்கு வரும். ‘மனித வியாபாரம்’ என்ற சொல் இன்னும் பொருத்தமானது; ஏனென்றால் இதில் இழுத்துக்கொண்டு போவது அபூர்வம், பேசிப் பேசிக் கூட்டிப்போவதே அதிகம். 2006இல் திருத்தப்பட்ட நமது தண்டனைச் சட்டக்கோவையும் பலாத்காரத்தை மட்டும் சொல்லவில்லை. ஏமாற்றுதல், ஆசைகாட்டுதல், ஒருவரின் இயலாமையைப் பயன்படுத்துதல் ஆகியவையும் அதில் அடங்கும். தண்டனை இருபது வருடம் வரை போகலாம். இலங்கை 2015இல் ஏற்றுறுதி செய்த, ஆட்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறையின்படி, ஏமாற்றிப் பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல.

அவரைக் கட்டிப்போட்டது முற்பணம். வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணிடம் ஏஜென்ட் காசு கேட்பதில்லை, கொடுக்கிறார்! அந்தக் காசில் அடகு நகை மீளும், பிள்ளையின் டியூஷன் பாக்கி தீரும். பிறகு அங்கே அடி விழும்போதும் ‘காசு வாங்கிவிட்டேனே’ என்ற எண்ணம்தான் வாயை அடைக்கும். இவரை விசிட் விசாவில் அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு இல்லை. ஆகவே ஒப்பந்தமும் இல்லை, காப்புறுதியும் இல்லை. ஓமானில் இப்படிச் சிக்கிய நம் பெண்களைப் பற்றி 2022இல் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. படித்த பையன்கள் மட்டும் தப்பினார்களா? கணினி வேலை என்று தாய்லாந்துக்குப் போனவர்கள் எல்லை தாண்டி மியன்மாரின் மியாவாடியில் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டார்கள்.

வெளிநாட்டை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருக்கவும் முடியாது. வெள்ளவத்தை மாடிவீடுகளின் குசினிகளில் மலையகத் தோட்டத்துப் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். “படிக்க வைக்கிறோம்” என்பார்கள். எந்தப் பாடசாலை என்று கேட்டால் பேச்சு மாறும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரை வீட்டு வேலைக்கு வைப்பது இன்று சட்டவிரோதம். உங்கள் லிஃப்டில் அப்படி ஒரு பிள்ளையைக் கண்டால் சிறுவர் உதவி இலக்கமான 1929ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வருமே என்ற தயக்கம் எனக்குப் புரிகிறது, ஆனால் ஏற்கமாட்டேன்.

திரும்பி வந்தவரிடம் நாம் முதலில் கேட்பது என்ன? “ஏன் போனாய்?” அடுத்தது, “எவ்வளவு கொண்டுவந்தாய்?” இந்த இரண்டு கேள்விகளுக்கும் பயந்தே பலர் ஊருக்குப் போகாமல் கொழும்பிலேயே ஏதாவதொரு விடுதி அறையில் ஒடுங்கிவிடுகிறார்கள். நான் இப்போது சாப்பாடு, நித்திரை, கடன்காரர் தொல்லை பற்றித்தான் முதலில் கேட்கிறேன். பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பதை அவரே முடிவு செய்ய வேண்டும். போவதானால் தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிட்டுவிட்டு, பின்பு நீதிமன்றத்தில் திணறிய பெண்களை நான் அறிவேன். மகளிருக்கான உதவி இலக்கம் 1938.

ஐந்தாம் சந்திப்புக்கு அவர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தார். தங்கையின் கைப்பையில் புதுக் கடவுச்சீட்டு இருந்தது. எடுத்துக் கொடுத்தது அக்காவை அனுப்பிய அதே சப் ஏஜென்ட், ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பவர். என் மேசையிலிருந்தே 1989க்கு, பணியகத்துக்கு, அழைத்தோம். ஏஜென்சியின் அனுமதிப்பத்திர இலக்கத்தை அக்காதான் வாசித்தார், ஒவ்வொரு எண்ணாக. அப்படியொரு இலக்கமே பதிவில் இல்லை என்றார்கள். தங்கை ஒன்றும் பேசவில்லை. அக்கா முதல்முறையாக என்னிடம் கேட்டார்: “மிஸ், என்னுடையதையும் பார்க்கச் சொல்லலாமா?”