திரை முனையத்தின் பழுதைக் கேட்டறியும் கட்டளைகள்

கணினியோடு கேபிள் வழியாக இணைக்கப்பட்ட, திரையும் விசைப்பலகையும் கொண்ட திரை முனையம் ஒன்றில், கணினி அனுப்பும் எழுத்துகள் ஒழுங்காகத் தெரிகின்றன. ஆனால் விசைப்பலகையில் தட்டுவது எதுவும் கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்று கொள்வோம். பழுது விசைப்பலகையிலா, கேபிளிலா என்பதை அறிய மூடியைக் கழற்ற வேண்டியதில்லை, முனையத்தையே கேட்கலாம்.

டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1978இல் வெளியிட்ட விடி100 முனையத்துக்குள் இன்டெல் 8080 செயலி இருந்தது. கணினியிலிருந்து வரும் ஒவ்வொரு குறியையும் அது சோதிக்கிறது. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையின் 27ஆம் குறியான எஸ்கேப் வந்துவிட்டால், அடுத்து வருபவற்றைத் திரையில் எழுதாமல் கட்டளையாக எடுத்துக்கொள்கிறது. எஸ்கேப், திறக்கும் சதுர அடைப்பு ([), 5, சிறிய ‘என்’ என அனுப்பினால் அது முனையத்தின் நிலையைக் கேட்பதாகும். கோளாறு இல்லையெனில் 5 இருந்த இடத்தில் 0 வைத்தும், இருந்தால் 3 வைத்தும் அதே வடிவில் பதில் வரும். 5க்குப் பதிலாக 6 அனுப்பினால், கர்சர் எந்த வரியில் எந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) நிற்கிறது என்ற விடை கிடைக்கும்.

இந்தப் பதில் விசைப்பலகையிலிருந்து கிளம்புவதில்லை; செயலியே அதை உருவாக்கி, தட்டிய எழுத்துகள் செல்லும் அதே கம்பியில் அனுப்புகிறது. ஆகவே நாம் தொடங்கிய சிக்கலில் பதில் வந்து சேர்ந்தால் கம்பி நலமாக இருக்கிறது, விசைப்பலகையையே பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பும் வழியில்தான் பழுது. ஒரே கேள்வியில் சந்தேகத்தை இவ்வளவு குறுக்கிவிடுவதுதான், என் கருத்தில், இந்த ஏற்பாட்டின் பெரிய அழகு.

திரையின் பிம்பத்தைச் சரிபார்க்க வேறொரு கட்டளை உண்டு. எஸ்கேப், #, 8 என்று அனுப்பினால் 24 வரிகளும் 80 பத்திகளும் ஆங்கிலப் பெரிய ‘இ’ எழுத்தால் நிரம்பும். மூலைகளில் அந்த எழுத்தின் மூன்று கிடைக்கோடுகளும் பிரிந்து தெரியாமல் மங்கினால் குவியம் சரியில்லை. ஓரத்து வரிசைகள் வளைந்தால் பிம்பத்தின் வடிவைத் திருத்த வேண்டும். இதற்குக் கணினிகூடத் தேவையில்லை. முனையத்தை லோக்கல் நிலையில், அதாவது தட்டுவது கணினிக்குப் போகாமல் முனையத்துக்கே வரும் நிலையில், வைத்து அதன் விசைப்பலகையிலேயே தட்டலாம்.

சேலத்துக் கல்லூரி ஆய்வகங்களில் லினக்ஸ் படிக்கும் மாணவர்கள் திறக்கும் டெர்மினல் சாளரமும் இதே கட்டளைகளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுகிறது. கர்சர் கேள்வியை அதில் அனுப்பிப் பார்த்தால், யாரும் தட்டாத எண்கள் கட்டளை வரியில் வந்து நிற்கும். முனையத்தின் பதிலை, கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் என்ற நிரல் தட்டச்சாகவே எண்ணிக்கொள்வதன் விளைவு அது. திரை உறைந்துபோனதாகத் தோன்றினால் முதலில் கன்ட்ரோல்-க்யூ தட்டுவது நல்லது. கை தவறி அழுத்திய கன்ட்ரோல்-எஸ் வெளியீட்டை நிறுத்தி வைத்திருக்கலாம்.

சேர்வராயன் மலையில் கோடை மழை இடியோடு வரும்போது, கட்டடம் விட்டுக் கட்டடம் இழுத்த நீண்ட சீரியல் கம்பிகளில் (முனையத்தையும் கணினியையும் இணைப்பவை) மின்னலால் எழும் மிகை மின்னழுத்தம், இரு முனைகளிலும் உள்ள சிப்களைக் கெடுத்துவிடக்கூடும். அப்போது உதவுவது மீள்சுற்றுச் சோதனை. முனையத்தின் 25 முள் இணைப்பியில் 2ஆம் முள்ளையும் 3ஆம் முள்ளையும் இணைக்கும் செருகியைப் பொருத்தி, லோக்கல் நிலையில் எஸ்கேப், சதுர அடைப்பு, 2, அரைப்புள்ளி, 2, சிறிய ‘ஒய்’ என்று தட்டினால், முனையம் தான் அனுப்பியதைத் தானே பெற்று ஒப்பிடும். தவறினால் திரையில் ஒரு பிழைக்குறி தோன்றும். கடைசி எண்ணோடு 8ஐக் கூட்டி 10 என்று கொடுத்தால், பிழை கிடைக்கும்வரை சோதனை திரும்பத் திரும்ப நடக்கும். எப்போதாவது மட்டும் தலைகாட்டும் கோளாறைப் பிடிக்க இதுவே ஏற்றது. முனையம் தேறிவிட்டால், அதே செருகியைக் கேபிளின் மறுமுனைக்கு மாற்றி மீண்டும் சோதிக்க வேண்டும். அங்கேயும் பிழை வரவில்லையென்றால், கேபிளை விட்டுவிட்டுக் கணினியின் சீரியல் போர்ட்டைத்தான் திறந்து பார்க்க வேண்டும்.