வாலில்லாக் குரங்கு: சொல் விளக்கம்

வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிம்பன்சியைக் கண்டதும் பிள்ளைகள் ‘மனிதக் குரங்கு’ என்றுதான் கூவுகிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிப்பதில்லை. பாதி மனிதன், பாதிக் குரங்கு என்ற எண்ணத்தைக் கிளப்பி, ‘அப்படியானால் இன்று ஏன் எந்தக் குரங்கும் மனிதனாகவில்லை?’ என்ற சலித்துப்போன கேள்விக்குத் தீனி போடுகிறது. உயிரியல் அப்படிச் சொல்லவே இல்லை. சிம்பன்சியும் நாமும் ஒரே மூதாதையிடமிருந்து ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கிளை பிரிந்தவர்கள், பங்காளிகள்.

‘வாலில்லாக் குரங்கு’ என்பது ஆங்கிலத்தின் ‘ஏப்’ (ape) என்பதற்கு ஈடு. அச்சொல் முதலில் எல்லாக் குரங்கையும் குறித்தது. வாலில்லாதவற்றுக்கென ஒதுங்கியது பிற்பாடுதான். தமிழில் தனிச்சொல் பிறக்கத் தேவையே எழவில்லை. ‘குரங்கும் முசுவும் ஊகமும் மந்தி’ என்று தொல்காப்பிய மரபியல் குரங்கு வகைகளுக்குப் பெண்பாற் பெயர் வகுத்தாலும், தென்னாட்டுக் குரங்குகள் எல்லாமே வாலுள்ளவை. இந்தியாவில் இயற்கையாக வாழும் வாலில்லாக் குரங்கான ஹூலக் கிப்பன் இருப்பதோ வடகிழக்குக் காடுகளில். ஆகவே ‘வாலில்லாக் குரங்கு’ அறிவியலுக்காக ஆக்கிக்கொண்ட தொடர்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. ஜிப்ரால்டரில் திரியும் பார்பரிக் குரங்குக்கும் வால் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அது கிண்டியில் நாம் பார்க்கும் நாட்டுக்குரங்கின் பேரினத்தைச் (நெருங்கிய இனங்களின் தொகுதி) சேர்ந்தது. ஆக, வால் இல்லை என்பது மட்டும் உறவுக்குச் சாட்சியாகாது. எப்படிப் போனது என்று கேட்க வேண்டும். 2024இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு அதைத்தான் கேட்டது. டிபிஎக்ஸ்டி என்னும் மரபணுவுக்குள் ‘ஆலு’ என்ற டிஎன்ஏ துணுக்கு ஒன்று செருகிக்கொண்டிருக்கிறது. மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் எல்லாவற்றிலும் அதே துணுக்கு, அதே இடத்தில். வாலுள்ள குரங்குகளில் அது கிடையாது. அதன் விளைவை எலிகளில் உண்டாக்கியபோது சில குட்டிகள் குட்டைவாலுடனும் சில வாலின்றியும் பிறந்தன. ஐந்து இனங்களிலும் அது தற்செயலாக ஒரே புள்ளியில் தனித்தனியே போய் உட்கார்ந்தது என்பதை நம்புவதற்குத்தான் அசாத்திய பக்தி வேண்டும்.

நமக்கு 46 குரோமோசோம்கள், சிம்பன்சிக்கு 48 என்பதை இந்த உறவுக்கு மறுப்பாக நீட்டுவோர் உண்டு. நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, குரோமோசோம் முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டிஎன்ஏ வரிசை கிடக்கிறது. மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றான தழும்பு அது.

எழுதும்போது கவனிக்க: ‘வாலில்லா’ ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் என்பதால் ‘க்’ மிகும். ‘வாலில்லாத குரங்கு’ என்றால் மிகாது.