உள்ளே வைத்த பிளேட்டின் விவரமும் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்ப்பதும்: விதிகள் சொல்வது என்ன?

எலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது பில்லும் மாத்திரைச் சீட்டும் பத்திரமாகப் பைக்குள் போய்விடும். உடம்புக்குள் வைத்தது என்ன பிளேட், எந்த உலோகம், யார் தயாரித்தது என்ற விவரம் மட்டும் பலருக்குக் கிடைப்பதே இல்லை. கேட்டால் கிடைக்கும். கேட்க இந்திய விதிகளில் இடம் இருக்கிறது.

மருத்துவ சாதன விதிகள் 2017-இல் வெளியாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. ஆபத்தின் அளவைப் பார்த்து சாதனங்களை ஏ, பி, சி, டி என்று நான்கு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். நீண்டகாலம் உடலுக்குள் இருக்கப்போகிறவை பொதுவாக சி வகுப்பு அல்லது அதற்கு மேல். அந்த இரண்டு வகுப்புகளிலும் தயாரிப்புக்கு மாநில அளவில் அல்ல, மத்திய அளவில்தான் உரிமம் தருகிறார்கள். லேபிளில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்பதைக் காட்டும் எண்) எல்லாம் இருக்க வேண்டும்.

அந்த லேபிள் எதற்கு என்று தோன்றலாம். பிளேட்டைக் கழற்ற வேண்டிய நாள் வரும்போது தெரியும். ஸ்க்ரூவின் தலை எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்காது. சிலதில் அறுகோணக் குழி, சிலதில் நட்சத்திரக் குழி, அளவும் மாறும். பொருந்தாத திருப்புளியைப் போட்டுத் திருகினால் தலை மழுங்கி, சின்ன வேலை பெரிய ஆபரேஷனாகிவிடும். வேறு ஊரில், வேறு டாக்டரிடம் கழற்றுகிறவருக்கு இந்த விவரம் பெரிய உதவி. எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் உள்ளே இருப்பது ஸ்டீலா டைட்டானியமா என்றுதான் கேட்பார்கள்.

கிருமி நீக்கி பாக்கெட்டில் வரும் பிளேட்டுகளோடு பெரும்பாலும் ஸ்டிக்கரும் வரும். அதில் ஒன்றை டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். மருத்துவமனையிலேயே கிருமி நீக்கிப் பயன்படுத்தும் வகையில் ஸ்டிக்கர் இருக்காது. அப்போது நிறுவனம், உலோகம், அளவு, லாட் எண் ஆகியவற்றை ஆபரேஷன் குறிப்பில் எழுதித் தரச் சொல்லலாம்.

கிளம்பும்போது விட்டுப்போனாலும் பரவாயில்லை. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். 3 ஆண்டு கடந்தபின் தேடினால் கிடைக்காமலும் போகலாம். அதனால் தள்ளிப்போடாமல் எழுத்தில் கேட்டு, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொள்ளுங்கள்.

சரி, அடுத்தது தொலைவழி ஆலோசனை. காலில் கட்டோடு ஒருவரைத் தூக்கிக்கொண்டு மறுபடி மறுபடி அலைவது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். 2020 மார்ச் 25 அன்று வெளியான டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கின்றன. பதிவு பெற்ற மருத்துவர் மட்டுமே ஆலோசனை தரலாம். அவருடைய பதிவு எண் மருந்துச் சீட்டில் இருக்க வேண்டும். நீங்களே அழைத்தால் சம்மதம் தந்ததாகவே பொருள். சுகாதாரப் பணியாளரோ டாக்டரோ தொடங்கினால் உங்கள் சம்மதத்தைத் தனியாகக் கேட்க வேண்டும். நேரில் பார்த்த அதே டாக்டரிடம் அதே பிரச்சினைக்காக 6 மாதத்துக்குள் பேசினால் அது தொடர் ஆலோசனை என்ற கணக்கில் வரும். இதில் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல், புதிதாகப் பேசும் டாக்டருக்கு இருப்பதைவிடப் பெரிது. முடிந்தவரை ஆபரேஷன் செய்தவரிடமே பேசுவது நல்லது. மத்திய அரசின் தொலைவழி ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனியில் கட்டணம் இல்லை.

எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் படம் எடுத்து அனுப்பினால் மெல்லிய கோடுகள் மறைந்துவிடும். சிடியிலோ கோப்பாகவோ வாங்கி, நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த இரண்டு படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அப்புறம் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியையும் அனுப்புங்கள்.

போனில் பார்க்கவே கூடாத நேரமும் உண்டு. மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போவது, விரலை நீட்டினால் தாங்க முடியாத வலி, மரத்துப்போவது, விரல்கள் வெளிறிச் சில்லிடுவது: இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசைக்குள் அழுத்தம் ஏறினால் சில மணி நேரத்திலேயே தசை செத்துப்போகும். அவசர நிலையில் முதலுதவி சொல்லி நேரில் அனுப்ப வேண்டும் என்பதுதான் டாக்டருக்கும் விதி.

பிளேட் உடைந்தாலோ ஸ்க்ரூ தானாகக் கழன்றாலோ, மருத்துவ சாதனங்களின் பாதகங்களைப் பதிவு செய்ய 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டம் இருக்கிறது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகக் குறிப்பு ஆணையம் அதை ஒருங்கிணைக்கிறது. அங்கே புகார் பதியும்போது தயாரிப்பாளர் பெயரையும் லாட் எண்ணையும்தான் கேட்பார்கள்.