பலாவு மொழியில் ‘முடிந்தது’ என்பது எங்கே இருக்கிறது?

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டு பயிற்சியும் அளித்துவரும் நான், மாணவர்களிடம் அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. ‘நிறைவு’, ‘முழுமை’ ஆகியவற்றுக்குப் பிற மொழியில் என்ன சொல் என்று அகராதியில் தேடி, கிடைத்ததை எல்லா இடத்திலும் வைத்துவிடுகிறார்கள். அதன் ஆபத்தை உணர்த்த, மேற்குப் பசிபிக்கின் பலாவுத் தீவுகளில் பேசப்படும் ஆஸ்திரோனேசிய மொழியையே நான் எடுத்துக்காட்டுவேன்.

அகராதியில் தேடினால் ‘முழுவதும்’ என்பதற்கு ‘ரொகிர்’ என்றும், ‘முடிதல்’ என்பதற்கு ‘மெரெக்’ என்றும் சொற்கள் கிடைக்கும். இரண்டும் சரியே. ஆனால் ஒரு செயல் நிறைவேறியதா என்பதைப் பலாவு மொழி பெரும்பாலும் வினைச்சொல்லின் வடிவத்திலேயே வைத்திருக்கிறது. ‘ம்லாய்’ என்றால் தோணி. ‘ஆக் மில்ரூல் எர் ஆ ம்லாய்’ என்பது நான் தோணியைச் செய்துகொண்டிருந்தேன் என்பதாகும். அது முடிந்ததா என்று இந்த வாக்கியம் சொல்வதில்லை. ‘ஆக் ரிரெல்லீ ஆ ம்லாய்’ என்றாலோ தோணி செய்து முடிக்கப்பட்டுவிட்டது. முதல் வாக்கியத்தில் குறிப்பிட்ட பொருளுக்கு முன்னே நின்ற ‘எர்’ இரண்டாவதில் மறைந்து, ‘அதை’ என்று அந்த ஒரு பொருளைச் சுட்டும் ‘ஈ’ என்ற விகுதி வினையோடு ஒட்டிக்கொள்கிறது. செயல் பொருளை முழுமையாகத் தொட்டுவிட்டது என்பதை இலக்கணமே இப்படிக் காட்டுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

உண்ணுதலும் அப்படித்தான். ‘மிலெங்ஙா எர் ஆ ரிங்ஙோ’ என்றால் ஆப்பிளைத் தின்றுகொண்டிருந்தான். ‘கில்லீ ஆ ரிங்ஙோ’ என்றால் தின்று தீர்த்துவிட்டான். (‘ரிங்ஙோ’ ஜப்பானியச் சொல், 1914 முதல் இரண்டாம் உலகப் போர் வரை அங்கே நடந்த ஜப்பானிய ஆட்சியின் எச்சம்.) கற்பவர் பெரிதும் தடுமாறும் இடம் ஒன்றும் இங்கே உண்டு: இதே நிறைவு வடிவம் நிகழ்காலத்தில் ‘கொலீ’ என்று வரும்போது, முடிந்துவிட்டது என்று பொருள்படாமல், இப்போது தின்றுவிடப் போகிறான் என்று பொருள்படும். நிறைவு வடிவம் என்றாலே கடந்த காலம் என்று எண்ணி மொழிபெயர்ப்பவர், இன்னும் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதிவிடுவார்.

தமிழர்க்கு இது அந்நியமானதன்று. ‘புத்தகத்தைப் படித்தேன்’ என்பதற்கும் ‘படித்துவிட்டேன்’, ‘படித்து முடித்தேன்’ என்பவற்றுக்கும் உள்ள வேறுபாட்டை நாம் நாள்தோறும் துணைவினைகளால் காட்டுகிறோம். பலாவு மொழியோ வினையின் உருவையே மாற்றுகிறது.

மருந்துச் சீட்டோ ஒப்பந்தமோ மொழிபெயர்க்கும்போது இந்த வேறுபாடு சிறியதன்று. ஆகவே அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவரிடம் ‘இதற்கு என்ன சொல்?’ என்று கேட்பதற்கு முன், வேலை பாதியில் நின்றிருந்தால் எப்படிச் சொல்வீர்கள், முடிந்தபின் எப்படிச் சொல்வீர்கள், முடியப் போகும் தறுவாயில் எப்படிச் சொல்வீர்கள் என்று மூன்று வாக்கியங்களாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளுமாறு என் மாணவர்களை வற்புறுத்துகிறேன். ‘இன்னும் இல்லை’ என்பதற்குப் பலாவு மக்கள் வழங்கும் ‘திர்காக்’ போன்ற சொல்லையும் நான்காவதாகக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.